சடையன் எருமை கறந்த விதம்

நாமகிரிப்பேட்டையிலிருந்து கிழக்கே போகிற ரோட்டை விட்டு இறங்கி, மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே மண் தடத்தில் போனால், கடைசியாக வருவது சடையன் வீடு. வழி தெரியாதவர்கள் பயப்பட வேண்டியதில்லை. அவரே ரோட்டுக்கு வந்து நின்று, இது யார் கட்டிய வீடு, எப்படிக் கட்டிய வீடு என்று தடம் நெடுகச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போவார். வீடு வந்து சேரும்போது கதை அஸ்திவாரத்தைத் தாண்டியிருக்காது.

சொல்லிக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. படிப்பு மூன்றாம் வகுப்பு. மீசை முளைக்கும் முன்னே, ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியில் ராடு தூக்கப் போனவர். ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று பாறையைத் துளைத்துக்கொண்டே போய், ராடு தூக்கியவர் டிரில்லர் ஆகி, ஊர் ஊராகத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். திரும்பி வந்து, கள்ளிகூட முளைக்க யோசித்த ஒரு காட்டை வாங்கினார். போர் போட்டார், தண்ணீர் வந்தது. வீடு கட்டினார். பெண்ணைக் கட்டிக் கொடுத்தார். இப்போது எழுபதைத் தொடப் போகிறார். மேச்சேரி ஆடு ஒரு பட்டி, நாட்டுக்கோழி, ஒரு நாய், ஓர் எருமை என்று நிம்மதியாக இருக்கிறார். அவர் தொண்டையைக் கனைத்தால் ஆடுகள் மேய்ச்சலை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கும். மரவள்ளித் தழை ஆட்டுக்கு விஷம். சுற்றிலும் மரவள்ளிதான். ஆனாலும் சடையன் பட்டியில் ஓர் ஆடு தழை தின்று விழுந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

"அத்தனையும் என்ற ஒத்தக் கையில வந்தது" என்பார். இந்த வாக்கியத்தைக் கேட்காத ஆள் அந்தத் தடத்தில் கிடையாது.

எருமை மட்டும் பாவாயியுடையது. பாவாயி அவர் மனைவி. நெற்றியில் வெள்ளை விழுந்த எருமை என்பதால் அதற்குச் சுட்டி என்று பெயர் வைத்தவளும் அவள்தான். பாவாயி அதிகம் பேச மாட்டாள். சடையன் இருக்கிற இடத்தில் இன்னொருவர் பேசுவதற்கு இடமும் இருக்காது. ஆனால் காலையும் மாலையும் கறவை நேரத்தில், எருமையின் வயிற்றில் தலையை முட்டுக் கொடுத்துக்கொண்டு, ஏதோ முணுமுணுத்தபடியேதான் கறப்பாள். கட்டுத்தரைக்கு அந்தப் பக்கம் வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டிருக்கும் சடையனுக்கு அது வண்டு பறக்கிற மாதிரிக் கேட்கும். எருமைக்கு ஏதோ பாட்டுப் பாடுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். காது கொடுத்துக் கேட்டதில்லை.

இந்த ஈற்றில் சுட்டியின் கன்று பிறந்த கொஞ்ச நாளிலேயே குடற்புழுவில் செத்துப்போனது. கன்று முட்டிக் குடித்தால்தான் எருமை சுரப்பு விடும், மடியிலிருக்கும் பாலைக் காம்புக்கு இறக்கும். கன்று இல்லாத எருமை பாலை உள்ளேயே அடக்கிக்கொள்ளும். சுட்டியும் அடக்கித்தான் பார்த்தது. பாவாயி விடவில்லை. பருத்திக்கொட்டை ஆட்டி வைத்து, மடியை வெந்நீரில் கழுவி, பக்கத்திலேயே உட்கார்ந்து முணுமுணுத்து முணுமுணுத்து இறக்கிவிட்டாள். அன்றிலிருந்து சுட்டி அவள் ஒருத்திக்குத்தான் கறந்தது.

அந்த நேரத்தில்தான் மகள் தனப்பிரியாவுக்கு இரண்டாவது பிரசவம். அவளைக் கொடுத்திருந்தது இளம்பிள்ளையில். கீழே தறிக்கூடம், மாடியில் குடும்பம். குழந்தை ஆபரேஷனில் பிறந்தது. அவளால் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. சம்பந்தியம்மாளுக்கு மூட்டுவலி, மாடிப்படி ஏற முடியாது. பாவாயி போய் ஒரு மாதமாவது இருந்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது. கேட்பதற்கே சம்பந்தியம்மாள் தயங்கினாள்.

"அங்க ஆடு மாடெல்லாம் உட்டுப்போட்டு எப்புடீங்க வருவாங்க" என்றாள் போனில்.

"எங்கூட்டுல ஒண்ணும் நிக்காதுங்க" என்றார் சடையன். "போர் வண்டியவே கட்டி மேச்சவனுங்க நானு. ஒரு எருமையப் பாக்க மாட்டனுங்களா? எத்தன மாசம் வேணும்னாலும் வெச்சுக்கோங்க."

பாவாயி பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது கொடியில் கிடந்த பழைய பச்சைச் சேலையைக் காட்டினாள்.

"ஏனுங்க, கறக்கறப்ப இதையக் கட்டிக்கோங்க. வேட்டியக் கண்டா அது கிட்டயே சேக்காது."

"ஆரு, நானு? சேலையா?"

"சுட்டிக்கு என்னங்க தெரியும், நீங்க ஆருன்னு."

சடையனுக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.

மறுநாள் காலையில் சுட்டியின் மடியைக் கழுவி, கையில் விளக்கெண்ணெய் தடவி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சுட்டி தவிட்டுத் தாழியிலிருந்து தலையை எடுத்து ஒரு முறை திரும்பிப் பார்த்தது. பிறகு பின்னங்காலைத் தூக்கி, எந்த அவசரமும் இல்லாமல், போசியை உதைத்தது. பாத்திரம் உருண்டு கோழிக்கூண்டு வரைக்கும் போனது. எடுத்து வந்து மறுபடி உட்கார்ந்தார். மடி பானை மாதிரி கனத்துக் கிடந்தது. காம்பில் வந்தது ஒரு சங்கு நிறையாது.

பால் சொசைட்டிக்குப் பால் எடுக்கிற காளியப்பன் மொபெட்டில் கேனோடு வந்து நின்றான்.

"என்னங்ணா, போசி காலியா இருக்குது?"

"இன்னைக்கு அதுக்கு மனசில்ல."

"அதுக்கு மனசில்லீங்களா, உங்களுக்குக் கை வர்லீங்களா?"

"டேய், நான் ராஜஸ்தான்ல ஒட்டகம் கறந்தவன்டா."

"அப்ப ஒரு ஒட்டகத்தப் புடிச்சாந்து கட்டுங்ணா. நான் தெனத்திக்கும் வந்து எடுத்துக்கறேன்."

காளியப்பன் குனிந்து மடியைத் தொட்டுப் பார்த்தான். சுட்டி காலைத் தூக்கியதும் நகர்ந்துகொண்டான். அதற்குள் அவன் முகம் மாறிவிட்டது.

"மடி இப்பவே சூடா இருக்குதுங்ணா. பாலு உள்ளயே கட்டுச்சுன்னா மடிநோய் வந்துரும். காம்பு அடச்சுக்கும். அப்பறம் அடிமாட்டு வண்டிக்குத்தான் கை காட்டோணும். ஊசி ஒண்ணு இருக்குது, போட்டா ஒடனே சொரப்பு உட்டுரும். வாங்கியாரட்டுங்களா?"

"ஊசி போட்டா அப்பறம் ஊசிக்குத்தான் கறக்கும். வேண்டாம்."

"அப்ப பேசாம அக்காவ வரச் சொல்லுங்க."

"அவளக் கூப்புடறதுக்கு நானு எதுக்கு இருக்கறேன்?"

அப்படிச் சொல்லிவிட்டாரே தவிர, காளியப்பன் போன பிறகு கட்டுத்தரையிலேயே நின்றுகொண்டிருந்தார். பாவாயியைக் கூப்பிட்டால் அன்றைக்கே பஸ் ஏறிவிடுவாள். வயிற்றில் தையலோடு கிடக்கிற மகளுக்குத் தண்ணீர் மொண்டு கொடுக்க ஆள் இருக்காது. கூப்பிடாமல் விட்டால், அவள் கன்றிலிருந்து வளர்த்த எருமை அடிமாட்டு வண்டி ஏறும். எத்தனையோ ஊரில் பாறையில் மாட்டிக்கொண்ட ராடை வெளியே எடுத்தவர் அவர். இது அப்படி எடுக்கிற சங்கதியாகத் தெரியவில்லை.

மாலையில் தடத்தை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, படலைச் சாத்தி, பச்சைச் சேலையை வேட்டிக்கு மேலேயே சுற்றிக்கொண்டார். முந்தானையை மீசை மறைய முக்காடாகப் போட்டுக்கொண்டார். சொந்த நாயே அவரைப் பார்த்துக் குரைத்தது. சுட்டி மோந்து பார்த்தது, உதைக்கவில்லை. அதுவரைக்கும் லாபம். ஆனால் சுரப்பு விடவும் இல்லை. அசை போட்டுக்கொண்டு, எதற்கோ காத்திருப்பது போல நின்றது.

பேச்சுச் சத்தத்துக்குத்தான் காத்திருக்கிறது என்று சடையனுக்குப் பட்டது. பேச்சுக்கா அவரிடம் பஞ்சம். அனந்தபூரில் மூன்று வண்டி தோற்றுப்போன இடத்தில் தான் போய்த் தண்ணீர் எடுத்த கதையை ஆரம்பித்தார். கம்ப்ரசர் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. தண்ணீர் பீய்ச்சியடித்த கட்டம் வந்தபோது சுட்டி கயிற்றை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கமாகப் போய் நின்றது. வந்திருந்த ஒரு டம்ளர் பாலும் கொட்டிவிட்டது. எருமைக்குப் போர் வேலையில் ஞானம் கம்மி என்று முடிவு செய்தார்.

அடுத்த நாள் காலையில் போனை ஸ்பீக்கரில் போட்டு, சேலைக் கொசுவத்தில் செருகிக்கொண்டார். பாவாயியே நேரில் பேசட்டும் என்பது ஏற்பாடு. ஏன் என்று அவளிடம் சொல்லவில்லை. சுட்டி உன்னைத் தேடுகிறது, ஒரு வார்த்தை பேசு என்று மட்டும் சொல்லியிருந்தார். "சுட்டி, ஏஞ்சாமி" என்று அவள் ஆரம்பித்ததும் எருமையின் காது திரும்பியது. அந்த நேரம் பார்த்து இளம்பிள்ளையில் யாரோ சுவிட்சைப் போட்டார்கள். கீழே இருந்த விசைத்தறி அத்தனையும் ஒன்றாக ஓட ஆரம்பித்தன. சுட்டி ஜென்மத்தில் தறி பார்த்ததில்லை. அது துள்ளிய துள்ளலில் சடையன் ஒரு பக்கமும் போன் கழுநீர்த் தாழிக்குள்ளும் விழுந்தார்கள். வெயிலில் காய வைத்த பிறகு போனில் காதில் வைத்தால் மட்டும் கேட்டது. ஸ்பீக்கர் போய்விட்டது.

மடி இன்னும் கொஞ்சம் இறுகியிருந்தது. மதியம் ஆடுகளை ஓடை மேட்டில் விட்டுவிட்டு, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மறுபடி கூப்பிட்டார்.

"பாவாயி, நீ எருமைக்கு என்ன பாட்டு பாடுவே?"

"பாட்டுங்களா? நான் எங்கீங்க பாடறேன்?"

"கறக்கறப்ப மொணமொணங்கறயே."

"அது சும்மா பேசறதுங்க."

"என்ன பேசுவே?"

"அதெல்லாம் இப்ப எதுக்குங்க? தனம் கூப்புடறா, வெச்சுடறேன்."

"பாவாயி, மடி வீங்கிக் கெடக்குது. அடிமாட்டுக்குக் குடுக்கோணும்னு காளியப்பன் வாய் கூசாமச் சொல்லிட்டுப் போறான்."

அந்தப் பக்கம் தறிச் சத்தம் கேட்டது. அது குறைந்துகொண்டே வந்தது. மொட்டை மாடிக்கு ஏறுகிறாள் என்று தெரிந்தது.

"நான் கெளம்பி வாரேனுங்க."

"வேண்டாம். புள்ளையப் பாரு. நீ என்ன பேசுவேன்னு மட்டும் சொல்லு, நான் பேசிக்கறேன்."

"உங்களப் பத்தித்தானுங்க."

"என்னையப் பத்தியா? நல்லதாத்தான சொல்லுவே?"

"நல்லது சொன்னா சுட்டி சொரப்பு உடாதுங்க."

சடையன் ஒரு சிறு கல்லை எடுத்து, மரவள்ளிப் பக்கம் போன ஆட்டின் மேல் எறிந்தார். "சரி, சொல்லு" என்றார்.

"ஏன்டி சுட்டி, இந்த மனுசன் பண்ற கூத்தப் பாத்தயான்னு ஆரம்பிக்கோணும். இழுத்து, ராகமாச் சொல்லோணும். சத்தம் போடக் கூடாது."

"அப்பறம்?"

"ஒறம்பரைன்னு ஆராச்சும் வந்தா காப்பி குடிக்க உடறதில்லீங்கறது ஒண்ணு. டம்ளரக் கையில குடுத்துப்போட்டு அஸ்திவாரத்துல இருந்து ஆரம்பிக்கறது, காப்பி ஆடை கட்டிப் போவுது. அப்பறம் தனம் கல்யாணத்துல மைக்கப் புடிச்சது. பொண்ணு மாப்பிள்ளைய வாழ்த்தச் சொன்னா, மைக்குக்காரன் கரண்டப் புடுங்கற வரைக்கும் கம்ப்ரசரப் பத்திப் பேசுனது."

"அது கடசியில வாழ்த்துக்குத்தான் வந்திருப்பேன்."

"அப்பறம் போர் போட்டது."

"அதுல என்ன?"

பாவாயிக்கு இப்போது கூச்சம் விட்டுப்போயிருந்தது. குரலில் ராகமே வந்துவிட்டது. "ஊரூருக்கும் தண்ணி எடுத்துக் குடுத்தவரு, நம்ம காட்டுல மண்ண மிதிச்சு மிதிச்சு ஒரு எடத்தக் காட்டுனாரு. போட்டா புழுதிதான் பறந்துது. எறும்புப் புத்துக்கிட்ட அருகு வாடாம இருக்குது, அங்க போடுங்கன்னு நாஞ் சொன்னேன். போட்டாங்க, தண்ணி வந்துது. ஊருக்குள்ள தானே எடம் பாத்ததாச் சொல்லிக்கிட்டுத் திரியறாரு. திரிஞ்சுட்டுப் போகட்டும் உடுடி சுட்டி. அப்புடீம்பேன்."

"அங்க அடியில பாறை சாஞ்சிருந்துது பாவாயி."

"கேட்டா பாறை சாஞ்சிருந்துதும்பாருன்னும் சொல்லுவனுங்க."

சடையன் போனை மறு காதுக்கு மாற்றினார். "இது எத்தன வருசமா நடக்குது?"

"சுட்டியோட அம்மா காலத்துல இருந்துங்க" என்றாள் பாவாயி.

அன்று மாலை சேலையைக் கட்டி, மடியைக் கழுவி, தலையை எருமையின் வயிற்றில் முட்டுக் கொடுத்தார். "ஏன்டி சுட்டி, இந்த மனுசன் பண்ற கூத்தப் பாத்தயா" என்று மெல்ல இழுத்தார். குரல் அவருக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. சுட்டி அசை போடுவதை நிறுத்தியது. ஆறிப்போன காபியைச் சொன்னார். தோல் ஒரு முறை சிலிர்த்து அடங்கியது. கல்யாண மைக்கைச் சொன்னார். காம்பு தடித்தது. கையை மூடி இழுத்தார். பால் சொர்ரென்று போசியின் அடியில் விழுந்தது. மோட்டாரில் முதல் தண்ணீர் விழுந்த சத்தம்கூட அவருக்கு அவ்வளவு இனிமையாக இருந்ததில்லை. கையை நிறுத்தாமல் பேச்சைத் தொடர்ந்தார்.

போர் விஷயம் வந்தது. "மண்ண மிதிச்சு ஒரு எடத்தக் காட்டுனாரு" என்றவர் அங்கே நிறுத்தினார். "அடியில பாறை சாஞ்சிருந்துது. இல்லீன்னா என்ற கணக்கு எங்கயாச்சும் தப்பியிருக்குதா" என்றார். தொண்டை தானாகவே ஏறிவிட்டது. பால் நின்றது. அடுத்த காம்பை இழுத்துப் பார்த்தார், அதிலும் நின்றிருந்தது. போசியில் பாதிகூட ஆகவில்லை. மடியில் பாதிக்கு மேல் இருந்தது.

சடையன் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார். பட்டியில் ஆட்டுக்குட்டி ஒன்று தாயைத் தேடிக் கத்தியது.

"புழுதிதான் பறந்துது" என்றார் மெல்ல. "பாவாயி சொன்ன எடத்துலதான் தண்ணி வந்துது. ஊருக்குள்ள இந்த மனுசன் தான் பாத்ததாச் சொல்லிக்கிட்டுத் திரியறான். திரிஞ்சுட்டுப் போகட்டும் உடுடி சுட்டி."

பால் இறங்கியது. போசி நுரை கட்டி நிறையும் வரைக்கும் இறங்கியது. கடைசிச் சொட்டு வரை கறந்துவிட்டு எழுந்தபோது, படலுக்கு வெளியே காளியப்பன் கேனோடு நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. அவன் முகத்தில் சிரிப்பு ஒன்றும் இல்லை. உள்ளே வந்து பாலை அளந்து ஊற்றிக்கொண்டான்.

"நொரை நல்லா கட்டிருக்குதுங்க்கா" என்றான்.

"டேய்."

"சேலையக் கட்டிக்கிட்டு நின்னா நான் எப்புடிங்ணா கூப்புடறது?" கேனின் மூடியை அழுத்தி மூடினான். "ஏனுங்ணா, அந்த போர் எடம் அக்கா பாத்ததுங்களா? எங்க காட்டுலயும் ஒண்ணு போடோணும். அக்கா வந்தா ஒரு எட்டு வரச் சொல்லுங்க."

"நானே வந்து மிதிச்சுப் பாக்கறேன்."

"நீங்க கறவையப் பாருங்ணா" என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்தான்.

மடியின் வீக்கம் வடிந்தது. பாவாயி இளம்பிள்ளையிலேயே இருந்தாள். ஒரே குறையைத் திரும்பத் திரும்பச் சொன்னால் சடையனுக்கே ராகம் கெட்டுவிடுகிறது, குரல் கெட்டால் சுட்டி அடக்கிக்கொள்கிறது. அதனால் மத்தியான நேரத்தில் வேப்பமரத்தடியிலிருந்து போன் போட்டுப் புதிதாகக் கேட்டுக்கொள்வார். பாவாயி யோசித்து அவர் பார்த்ததே இல்லை. கேட்ட மறு நிமிஷம் ஒன்று வரும். ஒரு நாள் நடுவில் தனப்பிரியா போனைப் பிடுங்கினாள்.

"ஏனுங்கப்பா, அம்மா சொல்லச் சொல்லச் சிரிச்சு எனக்குத் தையல் இழுக்குது. இன்னைக்கு இது போதும், நாளைக்கு வாங்கிக்கோங்க."

ஒரு மாதம் கழித்து மருமகன் காரில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்தான். குழந்தையைக் காட்டிவிட்டு, பாவாயியை விட்டுவிட்டு, சாயங்காலமே மற்றவர்களோடு திரும்பினான். மறுநாள் விடிந்ததும் பாவாயி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சுட்டியிடம் போய் உட்கார்ந்தாள். சுட்டி அவள் தோளை நக்கியது. இரண்டு இழுப்பு இழுத்தாள். எழுந்துகொண்டாள்.

"எனக்கு எறங்கலீங்க. உங்க கைக்குப் பழகிப்போச்சு."

அவள் உட்கார்ந்திருந்தது ஒரு டம்ளர் காபி ஆறுகிற நேரம்கூட இருக்காது. அவள் வாயைத் திறக்கவும் இல்லை. சடையன் அதையெல்லாம் கவனிக்கவில்லை. எருமை தன் கைக்குத்தான் கறக்கிறது என்பது ஒன்றுதான் அவர் காதில் விழுந்தது.

"நாந்தான் அன்னைக்கே சொன்னேனே, என்னைய உட்டா முடியாதுன்னு" என்றபடி கொடியிலிருந்த பச்சைச் சேலையை எடுத்தார்.

அப்போதிலிருந்து இரண்டு வேளையும் அவர்தான் கறக்கிறார். கன்று இல்லாத எருமையைக் கறக்கிற ஆம்பளை இந்த நாமகிரிப்பேட்டை வட்டாரத்தில் இன்னொருவர் இருந்தால் கூட்டிக்கொண்டு வா என்று காளியப்பனிடம் சொல்லியிருக்கிறார். காளியப்பனும் தேடிப் பார்த்துவிட்டு, இல்லை என்று ஒத்துக்கொண்டான். பொய் சொல்ல அவனுக்கு ஒரு காரணமும் இல்லை.

பாவாயி அந்த முதல் நாளே கயிற்றுக் கட்டிலைக் கட்டுத்தரைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, காபியோடு உட்கார்ந்தாள். சடையன் எருமையின் வயிற்றில் தலையை முட்டுக் கொடுத்து ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"நேத்து பண்ணுனத உட்டுட்டீங்க."

"என்ன பண்ணுனேன்?"

"கொழந்தைக்கு உங்க மூக்கு, உங்க நெத்தி, உங்க மூளைன்னு மாப்பிள்ளகிட்டச் சொன்னீங்களே. அவரு மொகம் போன போக்கப் பாத்தீங்களா? பெத்தவருக்குன்னு ஒரு காதாச்சும் உட்டு வெச்சிருக்கலாம்."

சடையன் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். போசியைப் பார்த்தார், பாதிதான் இருந்தது. தலையைத் திரும்ப எருமையின் வயிற்றில் சாய்த்துக்கொண்டார்.

"ஏன்டி சுட்டி" என்று இழுத்தார், "நேத்து இந்த மனுசன் பண்ணுன கூத்தப் பாத்தயா."

பாவாயி காபியை ஊதிக் குடித்தாள்.